முதலில் தோன்றிய வழியைத் தாண்டி யோசிப்பது எப்படி?

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம். பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மனக்கணக்கே போதும்.

உங்களிடம் மூன்று பாத்திரங்கள் இருக்கின்றன. முதலாவது 21 படி பிடிக்கும், இரண்டாவது 127 படி, மூன்றாவது 3 படி. எதிலும் அளவுக்கோடு கிடையாது. நிரப்பலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றலாம், கீழே கொட்டலாம். கடைசியில் சரியாக 100 படி தண்ணீர் வேண்டும். எப்படி?

கொஞ்சம் யோசித்தால் கிடைத்துவிடும். இரண்டாவது பாத்திரத்தை நிரப்ப வேண்டும். அதிலிருந்து முதல் பாத்திரம் நிறைய ஒருமுறையும், மூன்றாவது பாத்திரம் நிறைய இரண்டு முறையும் எடுத்துவிட வேண்டும். 127-இல் 21 போக 106, அதில் 6 போக 100.

அடுத்தது: 14, 163, 25. வேண்டியது 99. அதே வழிதான். 163-இல் 14 போனால் 149, இரண்டு 25 போனால் 99. அப்புறம் 18, 43, 10, வேண்டியது 5. பிறகு 9, 42, 6, வேண்டியது 21. பிறகு 20, 59, 4, வேண்டியது 31. எல்லாவற்றுக்கும் அதே வழி செல்லும். நாலாவது கணக்கு வரும்போதே கை தானாக எழுதத் தொடங்கிவிடும்.

இப்போது இதைப் பாருங்கள்: 23, 49, 3. வேண்டியது 20.

49-இல் 23 போக 26, இரண்டு 3 போக 20. விடை சரிதான். ஆனால் 23 படி பாத்திரத்தை நிரப்பி அதிலிருந்து ஒரே ஒரு முறை 3 படி எடுத்தாலே 20 வந்துவிடுகிறதே! 49 படி பாத்திரத்தைத் தொடவே வேண்டாம்.

ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1942-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கும் கணக்குகள்தான் இவை. வரிசையாக முந்தைய கணக்குகளைப் போட்டுவிட்டு வந்தவர்களில் பெரும்பாலானோர் கடைசிக் கணக்கையும் அந்தச் சுற்று வழியிலேயே போட்டார்கள். முந்தைய கணக்குகளைப் பார்க்காமல் நேரே இந்தக் கணக்குக்கு வந்தவர்கள் குறுக்கு வழியைச் சட்டென்று கண்டுபிடித்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அறிவில் வித்தியாசம் ஒன்றுமில்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரு வழி தெரிந்திருந்தது, இன்னொரு கூட்டத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

லூச்சின்ஸ் இதோடு விடவில்லை. 28, 76, 3 என்று கொடுத்து, 25 படி வேண்டும் என்று கேட்டார். இதில் பழைய வழி செல்லாது. போட்டுப் பார்த்தால் 42 வரும். 28-இலிருந்து 3 எடுக்க வேண்டியதுதான், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் பழைய வழியில் ஊறிப்போனவர்களில் பலர் இங்கே திணறி நின்றார்கள். வழி தெரியாமல் நின்றவர்கள் இல்லை இவர்கள், ஒரு வழி தெரிந்ததால் நின்றவர்கள். எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான்.

திறந்த மனதோடு சிக்கல்களை அணுக வேண்டும் என்று பேசும்போது, பிடிவாதக்காரர்களுக்கும் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் சொல்லும் அறிவுரையாகத்தான் அதைப் பெரும்பாலும் நினைக்கிறோம். உண்மையில், பாடுபட்டு ஒரு நல்ல வழியைக் கற்று அதைப் பலமுறை பயன்படுத்தி வெற்றி கண்டவருக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். உளவியலில் இதை ஐன்ஸ்டெல்லுங் விளைவு என்பார்கள். முதலில் மனதில் உட்கார்ந்துவிட்ட ஒரு வழி, அதைவிட நல்ல வழி கண்ணெதிரில் இருந்தாலும் பார்க்க விடாமல் செய்வதுதான் இது.

இதற்காக மூளையைக் குறை சொல்லக் கூடாது. தினமும் பல் தேய்ப்பதையும் பஸ் ஏறுவதையும் புதிதாக யோசித்துக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. ஒருமுறை வேலை செய்த வழியைச் சேமித்து வைத்து, அதே மாதிரி நிலைமை வந்தால் உடனே எடுத்து நீட்டுவது மூளையின் பெரிய திறமை. நிலைமை பார்க்க அதே மாதிரி இருந்து, உள்ளுக்குள் மாறியிருக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

அவசரம் இதை இன்னும் மோசமாக்கும். லூச்சின்ஸ் சில பள்ளிப் பிள்ளைகளிடம், இது வேகத்துக்கான சோதனை என்று சொல்லி அதே கணக்குகளைக் கொடுத்தார். பழைய வழியைப் பிடித்துத் தொங்குவது அதிகமானது. மணி பார்த்துக்கொண்டே பயிற்சித் தாள் போட வைக்கும் நம் பள்ளிகளும் டியூஷன் சென்டர்களும் இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரே மாதிரிக் கணக்கை வரிசையாக இருபது போட வைத்தால் வேகம் வரும். கூடவே, இருபத்தோராவது கணக்கைப் படிக்காமலேயே போடும் பழக்கமும் வரும்.

கண் எங்கே பார்க்கிறது?

"நான் வேறு வழியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தேன்" என்று பலரும் சொல்வோம். பொய் சொல்வதில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறோம். ஆனால் உண்மையில் பார்த்தோமா?

மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியோட், ஃபெர்னாண்ட் கோபே ஆகிய மூவர் இதைச் செஸ் ஆட்டக்காரர்களை வைத்துச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். பலகையில் ஒரு நிலை வைக்கப்பட்டது. அதில் வெற்றிக்கு இரண்டு வழிகள். ஒன்று செஸ் ஆடுகிற எல்லோருக்கும் பழக்கமானது: ராஜா தன் சொந்தக் காய்களாலேயே அடைபட்டு நிற்க, குதிரை வந்து செக்மேட் வைக்கும் உத்தி. அதற்கு ஐந்து நகர்வுகள் ஆகும். இன்னொன்று அவ்வளவு பழக்கமில்லாதது, ஆனால் மூன்றே நகர்வுகளில் முடிந்துவிடும். இருப்பதிலேயே குறுகிய வழியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள்.

நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் ஐந்து நகர்வு வழியை உடனே பிடித்தார்கள். இதைவிடக் குறுகியது உண்டா என்று தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்கள். அப்போது அவர்களுடைய கண் பலகையில் எங்கெங்கே போகிறது என்று ஒரு கருவி பதிவு செய்துகொண்டிருந்தது. புதிதாகத் தேடுவதாக அவர்கள் சொன்ன நேரத்திலும், பார்வை அந்தப் பழைய உத்திக்கான கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு காயின் இடத்தை மாற்றி, பழக்கமான உத்தி செல்லாதபடி செய்ததும், மூன்று நகர்வு வழி அவர்களுக்குத் தென்பட்டது.

ஆக, திறந்த மனதோடு இருக்க வேண்டும் என்று நினைப்பது மட்டும் போதாது. அந்த ஆட்டக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இதில் ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு: ஆட்டத்திறனில் மிக உயரத்தில் இருந்தவர்களிடம் இந்தத் தடை குறைவாகவே இருந்தது. அதனால் கற்றதை மறக்க வேண்டியதில்லை. இன்னும் ஆழமாகக் கற்றால், ஒன்றுக்குப் பதில் பல வழிகள் கைவசம் இருக்கும்.

ஒரு துறையே ஒரே பக்கம் பார்த்தபோது

தனி மனிதருக்கு நடப்பது ஒரு துறை முழுக்கவும் நடக்கலாம். அல்சர் என்னும் குடல்புண் அதற்கு நல்ல சாட்சி.

டென்ஷன், காரம், நேரத்துக்குச் சாப்பிடாதது, இவற்றால் அமிலம் அதிகமாகி வயிறு புண்ணாகிறது என்றுதான் இன்றைக்கும் நம் வீடுகளில் சொல்வார்கள். 1980 வரை மருத்துவ உலகமும் கிட்டத்தட்ட இதையே நம்பியது. இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிர்வாழ முடியாது என்பது பாடப்புத்தக உண்மை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்தன. நோயாளிகளுக்கு வலி குறைந்தது, மாத்திரையை நிறுத்தினால் பலருக்குப் புண் திரும்ப வந்தது. வழி ஓரளவு வேலை செய்ததால் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. முழுக்கத் தோற்றுப்போகும் வழியை நாம் சீக்கிரம் விட்டுவிடுவோம். பாதி வேலை செய்யும் வழியிடம்தான் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்கிறோம்.

1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்கூறியல் மருத்துவர், இரைப்பையிலிருந்து எடுத்த திசுவில் வளைந்த வடிவில் பாக்டீரியாக்கள் இருப்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். இதே மாதிரி எதையோ பார்த்தவர்கள் அவருக்கு முன்னாலும் இருந்தார்கள். பார்த்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரன் விடாமல் திரும்பத் திரும்பத் தேடினார். எங்கே திசு வீங்கியிருந்ததோ அங்கே இவையும் இருந்தன. 1981-இல் இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார்.

பாக்டீரியாதான் காரணம் என்று சொல்ல, முதலில் அதைத் தனியே வளர்த்துக் காட்ட வேண்டும். நோயாளிகளின் திசுவைத் தட்டுகளில் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. ஆய்வகத்தின் வழக்கம், இரண்டு நாள் பார்த்துவிட்டு ஒன்றும் வராத தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவது. மற்ற பல கிருமிகளுக்கு இரண்டு நாள் தாராளம், அதனால் அந்த வழக்கத்தில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. தட்டுகளை எடுத்துப் போட ஆளில்லாமல் அவை கூடுதலாகச் சில நாட்கள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தபோது பாக்டீரியா வளர்ந்திருந்தது. அது மெதுவாக வளரும் வகை. அதுவரை தூக்கிப் போட்ட தட்டுகளிலும் விடை இருந்திருக்கலாம்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இந்தக் கிருமி வேறு மாதிரியாக இருக்கலாம், இதற்கு நம் வழக்கமான நேரம் போதாமல் இருக்கலாம் என்று ஏற்கெனவே யோசிக்கத் தயாராக இருந்தவர்களுக்குத்தான் அந்தத் தட்டு ஒரு கண்டுபிடிப்பு. மற்றவர்களுக்கு அது கெட்டுப்போன தட்டு.

அப்புறமும் பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் தானே அந்தப் பாக்டீரியாவைக் கலக்கிக் குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. உள்ளே கருவி விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழற்சி தெரிந்தது, பாக்டீரியாவும் இருந்தது. இன்று அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. அது இருக்கும் அல்சர் நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு 1994-இல் பரிந்துரைத்தது. 2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இடையில் எத்தனை ஆண்டுகள், எத்தனை பேரின் வலி! இன்னொன்றும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லா அல்சரும் இந்தக் கிருமியால் வருவதில்லை, சில வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுவதாலும் வரும். பழைய ஒற்றைக் காரணத்தை விட்டுவிட்டுப் புதிய ஒற்றைக் காரணத்தைப் பிடித்துக்கொள்வதும் அதே பள்ளம்தான்.

சரி, என்னதான் செய்வது?

எனக்குத் தெரிந்து மிகவும் பயன் தருவது இதுதான்: நம் யூகம் சரியென்று காட்டும் சான்றை மட்டும் தேடாமல், அது தவறு என்றால் எது தெரியவேண்டுமோ அதைத் தேடுவது.

பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1960-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிப்படி அமைந்திருக்கின்றன, அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பார். நீங்கள் வேறு மூன்று எண்களைச் சொல்லலாம், விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் பதில் வரும். பலரும் 8, 10, 12 என்றார்கள். பொருந்தியது. 20, 22, 24. அதுவும் பொருந்தியது. இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று உறுதியாகச் சொன்னார்கள். தவறு. விதி வெறுமனே ஏறுவரிசைதான். 1, 2, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இல்லை என்ற பதில் வர வாய்ப்புள்ள கேள்வியை அவர்கள் கேட்கவே இல்லை.

வீட்டில் இது எப்படி வரும் என்று பார்ப்போம். கீழே தரைத்தொட்டி, மேலே டேங்க், நடுவில் ஒரு மோட்டார். ஸ்விட்ச் போட்டால் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. "காயில் போயிடுச்சு" என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிடுவார், ஏனென்றால் போன முறை காயில்தான் போனது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "தம்பி, கழற்றிக் கொண்டுபோய்க் காயில் கட்டிட்டு வந்துடு" என்று விடையையும் சேர்த்தே கொடுப்போம். அனுபவமுள்ள மெக்கானிக் கழற்ற மாட்டார். "ஓடுதுல்லண்ணே? காயில் எரிஞ்சிருந்தா இப்படி ஓடுமா?" என்பார். காயில் போயிருந்தால் எது நடக்காதோ அது நடந்துகொண்டிருக்கிறது, அதனால் அந்த யூகம் போயிற்று. ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால் பைப்பில் காற்று அடைத்திருக்கலாம், தொட்டிக்குள் இருக்கும் ஃபுட் வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் கீழே இறங்கியிருக்கலாம், தொட்டியிலேயே தண்ணீர் இல்லாமலும் இருக்கலாம். முதலில் மூடியைத் திறந்து தொட்டியைத்தான் பார்ப்பார். சுற்றாமல் உம்மென்ற சத்தம் மட்டும் வந்தால் கெப்பாசிட்டர் பக்கம் போவார். குறைந்த செலவில், எளிதாகச் சரிபார்க்கக்கூடியதை முதலில் பார்ப்பது என்பது அவர்கள் தொழிலில் ஊறிய ஒழுங்கு. மருத்துவருக்கும் மென்பொருள் எழுதுபவருக்கும் அது அப்படியே பொருந்தும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். "காயில் கட்ட வேண்டும்" என்று சொன்னபோது, சிக்கலைச் சொல்லாமல் நாம் நினைத்த தீர்வைச் சொன்னோம். "மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை" என்பதுதான் சிக்கல். யாரிடமாவது உதவி கேட்கும்போது கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு நம் யூகத்தைக் கொஞ்சநேரம் வாய்க்குள் வைத்திருந்தால், அவர் வேறு பக்கத்திலிருந்து பார்க்க வழி கிடைக்கும். யூகத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அவர் கண்ணும் நம் கட்டங்களையே சுற்ற ஆரம்பித்துவிடும்.

அடுத்தது, நிபந்தனைகளைப் பிரித்துப் பார்ப்பது. எந்தச் சிக்கலிலும் நிஜமான நிபந்தனைகள் சில இருக்கும், நாமே வழக்கத்தால் சேர்த்துக்கொண்டவை பல இருக்கும். 1971-இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லையோரம் இருக்கும் போன்காவ் ஊரில் காலரா பரவியது. கடும் காலராவுக்கு ரத்தக்குழாய் வழியாக சலைன் ஏற்றுவதுதான் வழக்கமான சிகிச்சை. சலைன் பாட்டில்களும் ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அங்கே இருந்தார். நோயாளிக்குத் தேவை இழந்த நீரும் உப்பும் திரும்ப உள்ளே போவது, அது நிஜமான நிபந்தனை. ஊசி வழியாகத்தான் போக வேண்டும், பயிற்சி பெற்றவர்தான் கொடுக்க வேண்டும் என்பவை வழக்கம். சர்க்கரையோடு சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் நன்றாக உறிஞ்சும் என்பது முந்தைய சில ஆண்டுகளின் ஆய்வுகளில் தெரிந்திருந்தது. அவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த கரைசலைப் பெரிய டிரம்களில் வைத்தார். நோயாளியின் அம்மாவும் அண்ணனும் கோப்பையில் பிடித்து வாயில் ஊட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இந்தக் கரைசலின் வழிவந்ததுதான்.

மகலனாபிஸ் குருட்டுத்தனமாகத் துணியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைப் படித்தவர், காலராவில் வேலை செய்தவர். மிக மோசமான நிலையில் இருந்தவர்களுக்கு இருந்த சலைனை ஏற்றவும் செய்தார். பழையதை முழுக்கத் தூக்கி எறியவில்லை, அது தேவைப்படும் இடத்துக்கு மட்டும் ஒதுக்கினார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. திறந்த மனம் என்ற பெயரில், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதும் நடக்கிறது. சர்க்கரை நோய்க்கு வாட்ஸ்அப்பில் வந்த கஷாயத்தைக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது வளைந்து கொடுப்பது ஆகாது. வாரனும் மார்ஷலும் வெறும் கருத்தை முன்வைக்கவில்லை. தட்டில் வளர்த்துக் காட்டினார்கள், பலவிதமாகச் சோதித்தார்கள். புதிய யோசனையிடமும் பழைய யோசனையிடம் கேட்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்: நீ தவறென்றால் எனக்கு எப்படித் தெரியும்?

எல்லா நேரமும் புது வழி தேட வேண்டியதும் இல்லை. வீட்டில் தீப்பிடித்தால், சாலையில் ஒருவர் மயங்கி விழுந்தால், ஏற்கெனவே சோதித்துத் தேர்ந்த நடைமுறையை அப்படியே செய்வதுதான் சரி. விமானிகள் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்புப் பட்டியலை வரிவரியாகப் படிக்கிறார்கள், அங்கே கற்பனைக்கு வேலையில்லை. நின்று யோசிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு: ஒரே தீர்வைத் திரும்பத் திரும்பச் செய்தும் சிக்கல் திரும்ப வருவது, பாதி மட்டும் சரியாவது, நம் விளக்கத்துக்குப் பொருந்தாத ஒரு சின்ன விஷயத்தை "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவைப்பது. இந்த மூன்றாவதை விடாதீர்கள். தள்ளிவைத்த அந்தச் சின்ன விஷயத்தை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு வேலையை ஆரம்பிக்கும்போதே, எது நடந்தால் இந்த வழியை விட்டுவிடுவேன் என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம். பிறகு அது நடக்கும்போது, நமக்கு வேண்டிய மாதிரி காரணம் தேடிக்கொள்ள இடம் குறைவாக இருக்கும்.